எழுபத்துநான்கு வயது நோயாளிக்கு அஞ்சல் வழி மருத்துவம்: டாக்டர் ஜான்சனின் நீர்வீக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சன் தம் வாழ்வின் கடைசி ஓராண்டை இரைப்போடும் உடலில் கோத்த நீரோடும் போராடிக் கழித்தார். லண்டனில் அவரை நேரில் பார்த்த மருத்துவர்களும், எடின்பரோவிலிருந்து கடிதம் வழியாகக் கருத்துச் சொன்ன மருத்துவர்களும் அவருக்குக் கூறியவை என்ன, அவற்றில் எதை அவர் கேட்டார், எதைக் கேட்கவில்லை என்பதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே காணலாம்.

ஜான்சனுக்கு வந்த நோய்தான் என்ன?

ஒரே நோய் என்று சொல்லிவிட முடியாது. 1783 ஜூன் மாதத்தில் ஓர் இரவு அவருக்குப் பக்கவாதம் தாக்கிப் பேச்சு நின்றுபோனது. அறிவு கலங்கிவிட்டதா என்று தாமே சோதித்துக்கொள்ள, அந்த இருட்டிலேயே இலத்தீனில் ஒரு பிரார்த்தனைப் பாடலை மனத்துக்குள் கட்டிப் பார்த்தார். பாடல் அவ்வளவு சிறப்பாக அமையவில்லை என்பது தமக்கே தெரிந்ததால் அறிவுக்குக் கேடில்லை என்று ஆறுதல் அடைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தாக்குதலிலிருந்து ஏறக்குறைய முழுமையாகவே மீண்டார். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி தொடங்கிய இரைப்பு அவரை வீட்டுக்குள் முடக்கிப் போட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கால்களும் தொடைகளும் வீங்கி நீர் கோத்தன.

அக்கால மருத்துவர்கள் மூச்சுத் திணறலை ‘வலிப்பு வகை ஆஸ்துமா’ என்றும் கால் வீக்கத்தை ‘நீர்வீக்கம்’ என்றும் தனித்தனியாகப் பெயரிட்டனர். இதயம் தளர்ந்தால் மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் சேர்ந்தே வரும் என்பது இன்று எந்த மருத்துவ மாணவருக்கும் தெரிந்த செய்தி. அன்று நீர்வீக்கம் என்பது தனக்கென்று சிகிச்சையுடைய ஒரு தனி நோயாகவே கருதப்பட்டது. கீழே வரும் மருந்துகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள் யார்?

முதன்மையானவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் ஹெபர்டன். மார்பை இறுக்கிப் பிடிக்கும் இதயவலியைத் தெளிவாக விவரித்து அதற்கு இன்றும் வழங்கும் பெயரைச் சூட்டியவர். மற்றவர் ரிச்சர்ட் பிராக்கில்ஸ்பி. முன்பு படை மருத்துவராகப் பணியாற்றியவர், ஜான்சனுக்கு நண்பராகவும் ஆனவர். அறுவை வேலைகளுக்கு வில்லியம் குரூக்ஷாங்க் வந்துபோனார்.

நோயாளியைக் கண்ணால் பாராமல் கடிதத்திலேயே மருத்துவம் பார்ப்பது அக்காலத்தில் வழக்கமா?

மிகவும் வழக்கம். அதில் யாரும் குறை கண்டதாகவும் தெரியவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கல்லன் (1710–1790) அந்த முறையில் பெயர்பெற்றவர். பிரிட்டனின் பல மூலைகளிலிருந்தும் கடல் கடந்த ஊர்களிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. நோயாளியே எழுதுவார், அல்லது கணவரோ தந்தையோ எழுதுவார், பல வேளைகளில் உள்ளூர் மருத்துவரே தம் நோயாளிக்காக எழுதிக் கேட்பார். கல்லன் விடை எழுதியதோடு நிற்காமல், எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலை வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் எழுத்தர் ஒருவர் அமர்ந்து நகலெடுத்தார். 1781இலிருந்து, நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் உருவாக்கிய நகலெடுக்கும் அழுத்துபொறி அந்த வேலையைச் செய்தது. அந்தச் சிரத்தையின் பயனாக 5000க்கும் மேற்பட்ட கடிதங்கள் எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

பாராமல் எப்படி மருத்துவம் பார்க்க முடியும் என்று நமக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நேரில் பார்த்தாலும் அந்நாளைய மருத்துவரிடம் இருந்த கருவிகள் மிகக் குறைவு. மார்பில் வைத்துக் கேட்கும் குழல் 1816இல்தான் தோன்றியது. நாடியைப் பிடித்துப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், சிறுநீரைப் பார்ப்பார். மற்றபடி நோயாளி சொல்லும் கதையே அவருக்கு முதன்மையான சான்று. அந்தக் கதை வாயால் சொல்லப்பட்டாலும் மையால் எழுதப்பட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை என்றே அவர்கள் எண்ணினர். சொல்லைத் தொழிலாகக் கொண்ட ஜான்சனைப் போன்ற நோயாளி கிடைத்தால், எழுத்தில் வந்த கதை இன்னும் துல்லியமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இத்தகைய கடிதங்களில் கல்லன் பொதுவாக என்ன அறிவுரை கூறுவார்?

நாள்பட்ட நோய் என்றால் மருந்துச் சீட்டு கடிதத்தின் ஒரு பகுதி மட்டுமே. எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, எவ்வளவு நேரம் உறங்குவது, குதிரையில் எவ்வளவு தொலைவு சவாரி செய்வது, உடம்போடு ஒட்டிக் கம்பளித் துணி அணிய வேண்டுமா, குளிர்ந்த நீரில் முழுகலாமா, எந்த ஊரின் கனிம ஊற்று நீரைக் குடிப்பது என்று வாழ்க்கை முழுவதையும் அந்தக் கடிதங்கள் வகுத்துக் கொடுத்தன. நம் ஊரில் ‘பத்தியம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குவதைவிட அதன் எல்லை சற்று அகலம். உணவோடு காற்று, நடை, உறக்கம், மனநிலை ஆகியவையும் அதில் சேரும்.

இதற்கு ஒரு கோட்பாட்டுக் காரணமும் இருந்தது. உடலின் இயக்கங்களெல்லாம் நரம்பு மண்டலத்தைச் சார்ந்தவை, நோய்களில் பெரும்பகுதி அதன் தளர்ச்சியாலோ இழுப்பாலோ விளைபவை என்பது கல்லனின் கொள்கை. தளர்ந்த நரம்பை ஒரே வேளை மருந்தால் நிமிர்த்த முடியாது. மெல்ல மெல்லத்தான் அதற்கு வலுவூட்ட வேண்டும். கோட்பாடு காலப்போக்கில் கைவிடப்பட்டது. அளவாக உண், தினமும் வெளியே போ, குளிரில் நனையாதே என்று அதிலிருந்து பிறந்த அறிவுரையை மறுக்க இன்றும் ஆளில்லை.

ஜான்சனுக்காக எடின்பரோவுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் என்ன இருந்தது?

‘உங்கள் ஊர் மருத்துவர்களிடம் என் நோயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்’ என்று ஜான்சன் தம் நண்பரும் எடின்பரோ வழக்கறிஞருமான ஜேம்ஸ் பாஸ்வெல்லுக்கு எழுதினார். பாஸ்வெல் உடனே 1784 மார்ச் 7ஆம் தேதியிட்டு ஒரே வாசகமுள்ள கடிதத்தை மூன்று பேராசிரியர்களுக்கு அனுப்பினார். ஒருவர் கல்லன், மற்றொருவர் தாவரவியல் அறிஞர் ஜான் ஹோப், மூன்றாமவர் உடற்கூற்றியல் அறிஞர் அலெக்சாண்டர் மன்ரோ.

நோய்க்குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அந்தக் கடிதத்தையே எடுத்துக்காட்டாகக் காட்டலாம். நோயாளிக்கு வயது எழுபத்துநான்கு. சென்ற கோடையில் வாதம் தாக்கிப் பெரும்பாலும் குணமானது. அதற்கு முன்பு சளியோடு கூடிய இருமல் இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் இரைப்புத் தொடங்கி மூன்று மாதமாக வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். சிறிதளவு குளிர் பட்டாலும் மார்பு இறுகிக்கொள்கிறது. அபின் கரைசலும் கசகசாச் செடியின் பாகும் கொடுத்தால்தான் சற்றே ஓய்வும் சில வேளை உறக்கமும் கிடைக்கின்றன. கால்களிலும் தொடைகளிலும் வீக்கம் இருக்கிறது. வெயில் காலம் வந்தால் தேறுவார் என்று பிராக்கில்ஸ்பி நம்புகிறார். வெப்பமான நாட்டுக்குப் போனால் நலம் என்று நோயாளி நினைக்கிறார். இப்போது நரிவெங்காயக் காடி உட்கொள்கிறார், சற்றுத் தேவலை. இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குள் சொல்லி முடித்திருந்தார் பாஸ்வெல். இது முறைப்படியான ஆலோசனைக்கு உரிய அதிகாரம் ஆகாது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக, மருத்துவர்கள் வருவாயை எதிர்பாராமல் உதவும் பெருந்தன்மை உடையவர்கள் என்று ஜான்சன் முன்பே எழுதியிருந்த பாராட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். வழக்கறிஞருக்கு வாதாடச் சொல்லித் தர வேண்டுமா என்ன.

மூவரும் என்ன விடை எழுதினர்?

மூவருமே மதிப்போடு விடை எழுதினர். பொதுமக்கள் தகுந்த காரணத்தோடு போற்றுகின்ற, தாமும் அதே அளவுக்கு மதிக்கின்ற ஒருவருக்குச் சிறிதேனும் உதவுவது தமக்கு மிகுந்த மகிழ்ச்சி என்றார் கல்லன். ஏதாவது ஒரு சொல்லுக்கு ஜான்சனின் கருத்தைக் கேட்காமல், அதாவது அவருடைய அகராதியைப் புரட்டாமல், தமக்கு ஒரு நாளும் கழிவதில்லை என்றார் ஹோப். அவர் தம் யோசனையை நேராக பிராக்கில்ஸ்பிக்கே எழுதிவிட்டார். கல்லனும் மன்ரோவும் தங்கள் கருத்தையும் மருந்துக் குறிப்புகளையும் பாஸ்வெல்லிடம் தந்தனர். அவர் அவற்றை லண்டனுக்குக் கொண்டுசென்று, நம்பிக்கை அளிக்கும் பகுதிகளை மட்டும் ஜான்சனிடம் தெரிவித்தார்.

இந்தக் கடைசிச் செய்தியை பாஸ்வெல் ஒளிக்காமல் பதிவுசெய்திருக்கிறார். அஞ்சல் வழி மருத்துவத்தின் பெரிய பலவீனம் இதில் தெரிகிறது. மருத்துவரின் சொல் நோயாளியை அடையும் முன்பு இடையில் நிற்பவரின் அன்பால் வடிகட்டப்படுகிறது. நோயாளியிடம் முழு உண்மையைச் சொல்லாமல் வீட்டாரிடம் மட்டும் சொல்லி அனுப்பும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு என்பதால் பாஸ்வெல்லைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நரிவெங்காயம் என்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பதுதானா?

நெருங்கிய உறவுடையது. ஜான்சன் உட்கொண்டது மத்தியதரைக் கடற்கரைப் பகுதிகளில் வளரும் இனம். நம் பக்கத்தில் நரிவெங்காயம் என்றும் காட்டு வெங்காயம் என்றும் வழங்கும் கிழங்கு அதன் இந்திய உறவு, அதற்கு மாற்றாகவும் பயன்பட்டது. இரண்டிலும் இதயத்தின் மீது வினைபுரியும் பொருள்கள் உள்ளன. அளவோடு இருந்தால் மருந்து, அளவு மீறினால் நஞ்சு. இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கை வாங்கி அரைத்துக் குடிக்க முற்பட வேண்டாம்.

அக்கால மருத்துவர்கள் இதைச் சிறுநீர் பெருக்கும் மருந்தாகவும் சளியை இளக்கும் மருந்தாகவும் கொடுத்தனர். காடியில் ஊறவைத்து வடித்த நீரைத் துளிக்கணக்கில் அருந்துவது ஒரு முறை. உலர்த்திய பொடியாக உட்கொள்வது மற்றொரு முறை.

ஜான்சன் எவ்வளவு உட்கொண்டார்? மருத்துவர் சொன்ன அளவில் நின்றாரா?

நிற்கவில்லை. எடின்பரோவில் கில்லெஸ்பி என்ற மற்றொரு மருத்துவரிடமும் பாஸ்வெல் விசாரித்திருந்தார். அவர் நரிவெங்காயத்தைப் பரிந்துரைத்தபோது, தாம் அதைப் புறக்கணிக்கவில்லை என்று ஜான்சன் விடை எழுதினார். நாளொன்றுக்கு நூறு துளிக்கு மேல் உட்கொண்டு வந்ததாகவும், ஒரு நாள் இருநூற்றைம்பது துளி உட்கொண்டதாகவும், ஒரு துளிக்கு ஒரு கிரெய்ன் எடை என்று பொதுமக்கள் கொள்ளும் கணக்குப்படி அது அரை அவுன்சுக்கும் அதிகம் என்றும் அவர் அதில் குறிப்பிட்டார். ‘பொதுமக்கள் கொள்ளும் கணக்கு’ என்று அவர் சேர்த்த எச்சரிக்கையைக் கவனியுங்கள். மூச்சு முட்டும் நிலையிலும் அளவைப் பெயரைத் தளர்வாகப் பயன்படுத்த அகராதிக்காரருக்கு மனம் ஒப்பவில்லை.

இளமையிலேயே மருத்துவ அகராதி ஒன்றின் தொகுப்பில் பங்கெடுத்தவர், மருத்துவர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் என்பதால், தமக்குத் தாமே மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் துணிச்சல் அவரிடம் மிகுதியாகவே இருந்தது. இன்றைய மருத்துவர் யாராக இருந்தாலும் இத்தகைய நோயாளியைக் கண்டு நிச்சயம் தலையில் அடித்துக்கொள்வார்.

பலன் கிடைத்ததா?

1784 பிப்ரவரியில் வியப்பான ஒன்று நடந்தது. ஒரே நாளில் திடீரென இருபது பைண்ட் அளவுக்குச் சிறுநீர் வெளியேறி வீக்கம் வடிந்தது. அக்காலப் பைண்டின் சிறிய அளவை வைத்துக் கணக்கிட்டாலும் ஒன்பது லிட்டருக்குக் குறையாது. அளந்தவர் கணக்கில் சிறிது மிகை இருக்கலாம், ஆனால் வடிந்தது மெய். அன்று முழுவதும் கதவை அடைத்துக்கொண்டு நோன்பிருந்து பிரார்த்தித்த ஜான்சன் அதை இறைவனின் அருள் என்றே நம்பினார். நரிவெங்காயம் இதயத்துக்கு வலுவூட்டித் தேங்கிய நீரை இறங்கச் செய்திருக்கலாம் என்பது இன்றைய அறிவுக்குப் பொருந்தும் விளக்கம்.

மார்ச் 18ஆம் தேதி பாஸ்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், நீர் ஏறக்குறைய முழுவதும் இறங்கிவிட்டது, குளிர் படாதவரையில் இரைப்பும் தொல்லை தரவில்லை என்று அவர் மகிழ்ந்தார். எடின்பரோ மருத்துவர்கள் பாஸ்வெல்லின் கடிதத்தைப் படித்துச் சிந்திப்பதற்குள் அவர்கள் சிந்திக்க வேண்டிய நோயே உருமாறிவிட்டிருந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி, 129 நாள் அடைபட்டிருந்த பிறகு, தேவாலயம் சென்று நன்றி செலுத்தினார்.

ரேவல்சின்னி பற்றியும் ஒரு குறிப்பு வருகிறதே?

வருகிறது. எடின்பரோவின் மூத்த மருத்துவர் சர் அலெக்சாண்டர் டிக், ரேவல்சின்னி என்ற மருந்துச் செடியைத் தம் நிலத்தில் பயிரிட்டுத் தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் அன்போடு கொடுக்க முன்வந்த ரேவல்சின்னியை வரும்போது எடுத்துவரும்படி ஜான்சன் பாஸ்வெல்லைக் கேட்டுக்கொண்டார். அபின் மலத்தைக் கட்டும், ரேவல்சின்னி இளக்கும். ஆகையால் அந்தக் கொடை காலத்துக்கு ஏற்ற கொடைதான்.

அபின் கொடுத்தது தவறில்லையா?

அந்தச் சூழலில் தவறு என்று சொல்ல மாட்டேன். மூச்சுத் திணறும் அச்சத்தைத் தணித்து ஓர் இரவு உறக்கத்தைத் தர அவர்களிடம் இருந்த ஒரே நம்பகமான பொருள் அது. மூச்சை அடக்கும் ஆபத்து அதில் உண்டு. ஜான்சன் இந்த ஒரு மருந்தில் மட்டும் தயக்கம் காட்டினார். அறிவு மழுங்கிவிடுமோ என்ற பயம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அந்த ஆண்டுக் கோடையில் பிராக்கில்ஸ்பிக்கு எழுதியபோது, அபின் மூச்சுமுட்டலை நிறுத்தி உட்காரவும் சில நேரம் படுக்கவும் உதவுகிறது, ஆனால் நடமாடும் வலிமையைத் தருவதில்லை என்று வரையறுத்துச் சொன்னார். ஒரு மருந்து எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லும் நோயாளிகள் எக்காலத்திலும் குறைவு.

இரத்தம் எடுக்கவில்லையா?

முந்தைய ஆண்டுகளில் மூச்சுத் தொல்லை வந்தபோதெல்லாம் பலமுறை எடுத்தார்கள். ஜான்சனே அதை விரும்பிக் கேட்டார். நீரால் கனத்த இதயத்துக்கு அது சில மணி நேரம் இளைப்பாறுதல் தந்திருக்கலாம். முதிய உடலை அது தளரச் செய்ததும் உறுதி.

வெப்பமான நாட்டுக்குச் செல்லும் யோசனை ஏன் நிறைவேறவில்லை?

குளிர்காலத்தை இத்தாலியில் கழிக்கலாம் என்று நண்பர்கள் திட்டமிட்டனர். ஜான்சனுக்கு 1762 முதல் ஆண்டுக்கு 300 பவுண்டு அரசு ஓய்வூதியம் வந்தது. பயணத்துக்கு அது போதாது என்று கருதி, பாஸ்வெல்லும் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸும் அரசவையின் முதன்மை நீதி அதிகாரி தர்லோ பிரபு வழியாக உதவி கோரினர். அரசரிடமிருந்து கூடுதல் தொகை வரவில்லை. ஓய்வூதியத்தை ஈடாகக் கொண்டு தம் பணத்தைத் தர தர்லோ முன்வந்தார். ஜான்சன் நன்றியோடு மறுத்துவிட்டார். நோயாளி வாழும் காலம் வரை ஆண்டுக்கு நூறு பவுண்டு தருவதாகச் சொன்னவர் மருத்துவர் பிராக்கில்ஸ்பி. மருந்துக் குறிப்பு எழுதுவதோடு அந்த மருந்தை வாங்கப் பணமும் நீட்டிய மருத்துவர் என்று அவரைச் சொல்லலாம்.

இத்தாலிக்குப் பதிலாக, அந்தக் கோடையில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் நண்பர் வீட்டில் தங்கி, அஞ்சல் தோறும் பிராக்கில்ஸ்பிக்கு நோய் நிலவரம் எழுதினார். ஒரு நாள் நன்றாக உண்டபின் தேவாலயத்துக்கு நடந்தேன், தொல்லை இல்லை என்பார். சில நாளில் இரவெல்லாம் உறக்கமில்லை, நீர் மறுபடி ஏறுகிறது, ஆனால் வேகமாக ஏறவில்லை என்பார்.

பின்னாளில் நீர்வீக்கத்துக்குச் சிறந்த மருந்தாகப் பெயர்பெற்ற டிஜிட்டாலிஸ் செடி அப்போது தெரியாதா?

தெரிந்துகொண்டிருந்த காலம் அது. கல்லன் பாடம் நடத்திய எடின்பரோவில் பட்டம் பெற்ற வில்லியம் விதரிங், பர்மிங்காமில் 1775 முதல் அந்தச் செடியின் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்து, பலித்ததையும் பலிக்காததையும் ஒருங்கே எழுதி வைத்தார். அவருடைய நூல் 1785இல், ஜான்சன் மறைந்து சில மாதங்கள் கழித்து வெளிவந்தது. நரிவெங்காயத்தில் இருப்பவையும் டிஜிட்டாலிஸில் இருப்பவையும் ஒத்த வினையுடைய பொருள்கள் என்பதால், லண்டன் மருத்துவர்கள் சரியான கதவின் அருகிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிவு எப்படி வந்தது?

நவம்பரில் லண்டன் திரும்பியபோது கால்கள் மீண்டும் வீங்கியிருந்தன. டிசம்பரில் ஒரு நாள் பிராக்கில்ஸ்பியிடம், நான் பிழைப்பேனா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றார். முழு உண்மையையும் தாங்குவீர்களா என்று மருத்துவர் முதலில் கேட்டுக்கொண்டு, அற்புதம் நிகழ்ந்தாலன்றிப் பிழைக்க இயலாது என்று சொன்னார். அப்படியானால் இனி மருந்து எதுவும் வேண்டாம், அபினும் வேண்டாம், தெளிந்த அறிவோடு ஆன்மாவை ஒப்படைக்க விரும்புகிறேன் என்று ஜான்சன் முடிவெடுத்தார். எடின்பரோ கருத்துகளில் பாஸ்வெல் சொல்லாமல் விட்டதை அவர் இப்போது கேட்டே பெற்றுக்கொண்டார்.

ஆனால் உயிர்மீதான பிடியை அவர் விட்டுவிடவில்லை. நீரை வடிக்க குரூக்ஷாங்க் காலைக் கீறியபோது இன்னும் ஆழமாகக் கீறச் சொன்னார். எனக்கு வேண்டியது நீண்ட ஆயுள், நீங்களோ நான் பொருட்படுத்தாத வலிக்கு அஞ்சுகிறீர்கள் என்று கடிந்தார். டிசம்பர் 13ஆம் தேதி காலை சிறு கத்தியாலும் கத்தரிக்கோலாலும் தம் கால்களைத் தாமே குத்திக்கொண்டார். அன்று மாலை உயிர் பிரிந்தது. இரண்டு நாள் கழித்து நடந்த உடல் ஆய்வில் நுரையீரல்கள் காற்றால் உப்பிச் சுருங்கும் தன்மையை இழந்திருந்ததும், இதயம் பெருத்திருந்ததும், ஒரு சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் இருந்ததும் தெரியவந்தன.

மருத்துவர்களுக்கு ஜான்சன் எவ்வளவு கட்டணம் கொடுத்தார்?

ஹெபர்டனும் பிராக்கில்ஸ்பியும் மற்ற மருத்துவர்களும் குரூக்ஷாங்கும் கட்டணம் வாங்க மறுத்துவிட்டனர். ஜான்சன் தம் உயிலின் பிற்சேர்க்கையில், அவர்கள் ஒவ்வொருவரும் தம் நூலகத்திலிருந்து தாங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு நூலை நினைவுப்பொருளாக எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதினார். மருந்து கலந்து கொடுத்தவரையும் அந்தப் பட்டியலில் அவர் மறக்கவில்லை.